லேக்டோமீட்டரில் அளந்த கடல்

திருச்சி விமான நிலையத்தில் அந்த அட்டைப்பெட்டியைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. என் உயரத்தில் பாதி இருந்தது. பதினான்கு வருடமாக வளைகுடாவில் வேலை பார்க்கும் என் கணவர், ஒவ்வொரு முறை லீவில் வரும்போதும் கம்பளி, சோப்பு, தலைவலித் தைலம், பேரீச்சம்பழம் என்று வழக்கமான சாமான்களைத்தான் கொண்டுவருவார். இந்தத் தடவை பெரிய டிவி என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். பெரம்பலூர் வந்து சேரும்வரை அதைக் கூடத்தில் எந்தச் சுவரில் மாட்டலாம் என்றுதான் யோசனை.

வீட்டில் கயிற்றை அறுத்துத் திறந்தால், உள்ளே முழங்கால் உயரத்துக்குக் கறை படிந்த ஒரு பிளாஸ்டிக் உருளை. அழுகிய கருவாட்டு வாடை. கூடவே துருவேறிய இரண்டு நீள விளக்குகள், சுருட்டி வைத்த டியூப்கள், வழியில் அடிபட்டுக் கண்ணாடி நொறுங்கிய ஏதோ ஒரு சின்னக் கருவி.

“டிவி எங்கங்க?” என்று கேட்டேன்.

“எந்த டிவி?” என்றார்.

அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு போட்டேனே தவிர முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவருடைய வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிளம்பர் என்று சொல்லித்தான் அங்கே போனார். அங்கே போய்ச் சேர்ந்த இரண்டாம் வருடம், பணக்காரர் வீடுகளிலும் ஹோட்டல்களிலும் கடல்தொட்டி வைத்துப் பராமரிக்கும் கம்பெனிக்கு மாற்றிவிட்டார்கள். சாதாரண மீன்தொட்டி இல்லை. உப்புத்தண்ணீர், பாறை, அதன்மேல் உயிரோடு வளரும் பவளம், அதற்குள் நீந்தும் மீன் என்று கடலின் அடியில் இருப்பதை அப்படியே கண்ணாடிக்குள் வைப்பது. பதினொன்றரை மாதம் அடுத்தவர் வீட்டுக் கடலைத் தேய்த்துக் கழுவிவிட்டு, மீதி நாளுக்கு என்னிடம் வருவார். நான் இங்கே எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் செயலாளர். ஒரே மகள் கோயம்புத்தூரில் நர்சிங் கடைசி வருடம் படிக்கிறாள். வீட்டுக் கடனும் அவள் படிப்பும் இருக்கிறது, போய் வாருங்கள் என்று முதல்முதலில் அனுப்பிவைத்தவளே நான்தான். அதனால் திரும்பி வாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வந்ததே இல்லை.

அந்தப் பொங்கலுக்கு அவர் வந்தது ஆறு மாத லீவில். அதற்குள் திரும்பாவிட்டால் விசா தானாகவே ரத்தாகிவிடும். மாட்டுப்பொங்கல் கழிந்து ஒருநாள் காபி குடிக்கும்போது மெதுவாக ஆரம்பித்தார்.

“நம்ம வூட்ல ஒரு தொட்டி கட்டிப் பாக்கலாம்னு இருக்கேன். ஆறடி நீளம். திருச்சி, தஞ்சாவூர் பக்கம் நகைக்கடை, ஆஸ்பத்திரின்னு இதெல்லாம் கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. பாத்துக்கத்தான் ஆளு இல்ல. நம்ம தொட்டி நின்னுச்சுன்னா அதைக் காட்டித் தொழில் பிடிச்சிடலாம். நிக்கலன்னா டிக்கெட்ட போட்டுக்கிட்டுப் போயிடறேன்.”

“சரி, பாருங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். தொட்டி நின்றால் மனிதர் நிற்பார். எனக்கு விளங்கியது அவ்வளவுதான். அந்தக் கருவாட்டு உருளையை அன்று சாயங்காலம் நானே சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் வைத்தேன்.

மறுநாள் போன வருடக் காலண்டரைத் திருப்பிப் போட்டு அதன் முதுகில் பட்டியல் எழுதினோம். மகளின் கடைசி வருடச் செலவுக்கு எடுத்து வைத்தது போக, அவர் கையில் இருந்ததில் பாதியைத் தொடலாம், அதற்குமேல் ஒரு பைசா கிடையாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அவரும் தலையாட்டினார். ஆனால் எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் பிடிக்கக்கூடாது என்பதை அவர் சொல்லிக்கொடுத்த விதம் எனக்குப் புதிது. எந்தச் சாமான் கெட்டால் ஒரே நாளில் எல்லாம் செத்துப்போகுமோ, அதைப் புதிதாக வாங்க வேண்டும். கெட்டாலும் ஒரு வாரம் தாக்குப்பிடிக்கும் என்றால் பழசு போதும். மீதி எல்லாவற்றுக்கும் ஊருக்குள் ஒருவர் இருப்பார், அவரைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

கண்ணாடி, அதை ஒட்டும் பசை, தண்ணீரைச் சுற்ற விடும் பம்பு மூன்றும் புதுசு. நுரை உருளையும் விளக்கும் அவர் வேலை செய்த வீட்டுக்காரர் வேண்டாமென்று கழித்துக் கொடுத்த பழசு. அந்த உருளைக்கு ஸ்கிம்மர் என்று பெயர். மோர் கடைவது போலத் தண்ணீரை நுரைக்க வைத்து, நுரையோடு அழுக்கை மேலே தள்ளிவிடும். கரண்ட் போனால் மீனுக்கு மூச்சுக்காற்று வேண்டும். அதற்கு எங்கள் பழைய இன்வெர்ட்டர் பேட்டரியையே ஒதுக்கினோம். கரண்ட் இல்லாத நேரத்தில் எனக்கு ஃபேன் கிடையாது என்பது அதன் அர்த்தம் என்று பிறகுதான் புரிந்தது. அதற்கும் ஒரு சண்டை போட்டேன்.

கண்ணாடிக்கு, கடைகளுக்கு முகப்புக் கண்ணாடி மாட்டும் ஒருவரிடம் போனோம். பன்னிரண்டு மில்லிமீட்டர் கனம் வேண்டும் என்றதும், “எதுக்கு சார், மொதலை வளக்கப் போறீங்களா?” என்று கேட்டார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஓரங்களைக் கை படாதபடி வழுவழுப்பாகத் தேய்த்துக் கொடுத்தார். வெட்டியதில் மிஞ்சிய துண்டுகளையும் வண்டியில் ஏற்றிவிட்டார். அந்தத் துண்டுகளில்தான் கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டி உருவானது. அதற்குக் காசு வாங்கவில்லை. தொட்டி ரெடியானால் குடும்பத்தோடு பார்க்க வருவேன் என்று மட்டும் சொன்னார்.

பெரிய தலைவலி வெயில்தான். எங்கள் ஊர் ஏப்ரல், மே மாதம் எப்படி என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் முப்பது டிகிரியைத் தாண்டிப் போனால் பவளம் வெளுத்துவிடும் என்றார். கடையில் விற்கும் குளிர்விக்கும் மெஷின் விலையைக் கேட்டபோது எங்கள் பட்டியல் அப்படியே படுத்துவிட்டது. இரண்டு நாள் மனிதர் காலண்டர்ப் பக்கமே போகவில்லை.

எங்கள் சொசைட்டியில் பால் குளிரூட்டும் மெஷின் ஒன்று இருக்கிறது. அதற்கு மாதம் ஒருமுறை வரும் மெக்கானிக்கிடம் எதேச்சையாகச் சொன்னேன். அவன் அன்றைக்கே வீட்டுக்கு வந்து நின்றான்.

“ஏன் அண்ணே, பழைய வாட்டர் கூலர் கம்ப்ரசர் என்கிட்ட ஒண்ணு கெடக்குது. காயிலைத் தொட்டிக்குள்ள விட்டா வேலை முடிஞ்சுது.”

“காயிலு செம்பு தம்பி. உப்புத்தண்ணியில செம்பு பட்டா பவளத்துக்கு வெஷம்.”

மெக்கானிக் தலையைச் சொறிந்துகொண்டு என்னைப் பார்த்தான். “அக்கா, மெஷின் வர்றதுக்கு முந்தி நீங்க பாலை எப்படிக் குளுர வெச்சீங்க?”

“கேனை ஐஸ் தண்ணித் தொட்டிக்குள்ள எறக்கி வெப்போம்.”

“பாலும் ஐஸும் தொட்டுக்கிச்சா? இல்லைல்ல? அதேதான்.”

ஒரு தெர்மக்கோல் பெட்டியில் நல்ல தண்ணீர். அதற்குள் செம்புக் காயில். அதே பெட்டிக்குள் சொட்டுநீர்ப் பாசனத்துக்குப் போடும் கறுப்பு டியூபைப் பல சுற்றுச் சுற்றி, கடல் தண்ணீரை அதன் வழியாக ஓட விட்டான். குளிர் மட்டும் உள்ளே போகும், செம்பு தொடாது. டியூப் எங்கள் சொசைட்டிக்குப் பால் ஊற்றும், சின்ன வெங்காயம் போடும் ஒரு விவசாயி வயலில் மிஞ்சியது. செட்டிகுளத்துக்காரர். கேட்டவுடன் பைக்கில் வைத்துக் கொண்டுவந்து போட்டார். என் கணவர் அந்தப் பெட்டியைத் தடவித் தடவிப் பார்த்தார். அங்கே இதற்காக அவர்கள் கொட்டும் காசைச் சொன்னால் நம்ப மாட்டாய் என்று இரண்டு மூன்று தடவை சொன்னார்.

போர் தண்ணீரைச் சுத்தம் செய்யும் மெஷினை அவரே பொருத்தினார். கடல் உப்பு மூட்டை, மீன்தொட்டிச் சாமான் விற்கும் சென்னை கொளத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்தது. டிரம்மில் உப்பைக் கரைத்த நாளில்தான் உடைந்துபோன சின்னக் கருவியின் ஞாபகம் வந்து தலையில் கை வைத்தார். தண்ணீரில் உப்பு சரியான அளவு இருக்கிறதா என்று அளக்க அதுதான் வேண்டுமாம். புதிது வாங்க இன்னும் இரண்டு நாள் ஆகும், காசும் ஆகும்.

“எவ்வளவு கனம் இருக்கணும்?” என்று கேட்டேன்.

“நல்ல தண்ணி ஆயிரம்னா இது ஆயிரத்து இருபத்தஞ்சு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினெட்டு வருடமாகத் தினமும் காலை ஐந்தரை மணிக்கு அதைத்தானே நான் பார்க்கிறேன். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க லேக்டோமீட்டரை உள்ளே விட்டால், ஆயிரத்துக்கு மேல் எத்தனை என்று காட்டும்; இருபத்தெட்டில் நின்றால் நல்ல பால். இருபத்தைந்துக்குக் கீழே போனால் நான் ஆளை நிறுத்திக் கேள்வி கேட்பேன். சொசைட்டிக்குப் போய் என் லேக்டோமீட்டரை எடுத்துவந்து டிரம்மில் விட்டேன். இருபத்திரண்டில் நின்றது.

“தண்ணி கலந்திருக்கீங்க” என்றேன்.

என் கணவர் சிரித்தார். பல் தெரியச் சிரித்தார். ஊருக்கு வந்து ஒரு மாதத்தில் அவர் அப்படிச் சிரித்தது அன்றுதான். இன்னும் இரண்டு படி உப்புப் போட்டுக் கலக்கினோம், இருபத்தைந்தில் வந்து நின்றது. அந்த அளவு சரிதானா என்ற சந்தேகத்துக்கு, அரியலூரில் சிமெண்ட் ஆலை ஒன்றின் லேபில் கெமிஸ்டாக இருக்கும் என் பள்ளித் தோழிக்கு ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். அவள் எடைபோட்டுப் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று அன்றே ஃபோன் செய்தாள்.

இவ்வளவையும் செய்துவிட்டு, கெடுத்ததும் நான்தான்.

பாறைதான் பட்டியலில் கடைசி. கடலிலிருந்து பெயர்த்த பாறையை, பவளத்தை அவர் தொட மாட்டார். நம் கடலில் அதைத் தொடுவதே குற்றம், பண்ணையில் வளர்த்ததைத்தான் ரசீதோடு வாங்க வேண்டும் என்பதில் கறாராக இருந்தார். கடையில் விற்கும் காய்ந்த பாறைக்கோ கிலோ கணக்கில் விலை. எங்களுக்கு எழுபது எண்பது கிலோ வேண்டும். அப்போதுதான் நான் சொன்னேன், காரை கிராமத்துக்குப் பக்கத்தில் என் அப்பா வெட்டிய கிணற்றுக் கல் வரப்பில் குவிந்து கிடக்கிறதே என்று. அதெல்லாம் ஒரு காலத்தில் கடல் இருந்த இடம் என்று எங்கள் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கல்லில் சிப்பி அச்சும் நத்தைச் சுருளும் சர்வசாதாரணம். கடல் கல்லைக் கடல் தொட்டியில் வைப்பதற்கு யாரைக் கேட்க வேண்டும்?

அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. ஸ்கூட்டியில் காலடியில் வைத்து, பதினோரு நடை போய் வந்து அந்தக் கற்களை நானே கொண்டுவந்து சேர்த்தேன். அழகான கற்கள். வெள்ளை வரி ஓடியது சில, உருண்டை உருண்டையாகப் பழுப்புக் கட்டிகள் பதிந்தது சில. பட்டியலிலேயே பெரிய செலவு ஒன்று அப்படியே அடிபட்டுப் போனது. அவர் அவற்றைத் தொட்டிக்குள் அடுக்கிய அன்று, என் அப்பாவே கூடத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி எனக்குப் பெருமையாக இருந்தது. பால் ஊற்ற வருபவர்களிடம் எல்லாம் சொன்னேன்.

மார்ச் கடைசியில் தண்ணீர் ஓட ஆரம்பித்தது. முதலில் தண்ணீர் பழக வேண்டும், அதற்குப் பிறகே மீன் என்றார். ஏப்ரலில் கேட்டேன், ஆவட்டும் என்றார். மே மாதமும் ஆவட்டும். கல்லின்மேல் லேசாகப் பச்சை தெரிகிறதே என்றால், “புதுத் தொட்டின்னா இப்படித்தான், தானா போயிடும்” என்றார். நான் விடியற்காலையில் சொசைட்டிக்குப் போய் ஒன்பது மணிக்கு மேல்தான் வருவேன். வரும்போது கூடம் துடைத்துச் சுத்தமாக இருக்கும், தொட்டியும் பளிச்சென்று இருக்கும். நல்லபடியாகத்தான் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. கம்பெனிக்காரர்களிடமிருந்து ஃபோன் வந்தால் கொல்லைப்பக்கம் போய்ப் பேசினார்.

ஜூன் பாதியில் ஒரு சனிக்கிழமை அரியலூர்ப் பக்கத்துக் கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலுக்குத் தனியாகப் போனேன். எதற்கு என்று வீட்டில் சொல்லவில்லை. இந்த மனிதர் போகக்கூடாது என்று வேண்டிக்கொள்ளத்தான் போனேன். வரிசையில் நிற்கும்போது பின்னாலிருந்து யாரோ தோளைத் தட்டினார்கள். சிமெண்ட் ஆலை லேபில் இருக்கும் அதே தோழி.

“ஏண்டி, அந்தக் கல்லையெல்லாம் தூக்கிட்டீங்களா?” என்று கேட்டாள்.

“எந்தக் கல்லை?”

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் அவள் கையைப் பிடித்து விடவில்லை. கடைசியில் சொன்னாள்.

“ஏப்ரல்லயே உங்க வூட்டுக்காரர் கல்லைக் கொண்டாந்து டெஸ்ட் பண்ணச் சொன்னார்டி. அந்தப் பக்கத்துக் கல்லுல உருண்டை உருண்டையா பாஸ்பேட் இருக்கும். சிமெண்டுக்கே அது ஆவாதுன்னு ஒதுக்கித்தான் வெப்போம். தொட்டியில இருக்கிற வரைக்கும் பாசி போவாதுன்னு அப்பவே சொல்லிட்டேன். உன்கிட்ட சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டார்.”

விவசாயி மகளுக்கு பாஸ்பேட் என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டாம். கடலுக்கு உரம் போட்டிருக்கிறேன். டி.ஏ.பி. மூட்டையைப் பிரித்துக் கொட்டிய மாதிரி எண்பது கிலோ போட்டிருக்கிறேன். பெருமாள் முன்னால் போய் நின்றபோது வேண்டிக்கொள்ள வந்ததே மறந்துபோய், மனதுக்குள் என் கணவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். அர்ச்சகர் தீர்த்தம் கொடுக்கக் கையை நீட்டச் சொல்லி இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்தால், நான் மதியம்தான் வருவேன் என்று நினைத்து அவர் தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டுக்கொண்டிருந்தார். கையில் டூத் பிரஷ். பக்கத்து வாளி நிறையத் தலைமுடி மாதிரிப் பச்சைப் பாசி. தினமும் காலையில் நான் போன பிறகு இரண்டு மணி நேரம் கல்லைத் தேய்த்திருக்கிறார். இரண்டு மாதமாக.

“கல்லை எப்ப டெஸ்ட் பண்ணுனீங்க?”

“எந்தக் கல்லை?”

“எந்த டிவின்னு கேட்ட மாதிரி கேக்காதீங்க.”

பிரஷைக் கீழே வைத்தார். கை முழுக்கத் தண்ணீர் சொட்டியது. “உங்கப்பா வெட்டுன கெணத்துக் கல்லு. வெயில்ல நீ ஒண்ணொண்ணா கொண்டாந்தே. எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்தே. எப்படிச் சொல்றதும்மா? எப்படியாச்சும் தேச்சே சரி பண்ணிடலாம்னு பாத்தேன்.”

எனக்கு வந்த கோபத்தை இன்னதென்று சொல்ல முடியாது. ஏப்ரலில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேறு கல் வைத்து இந்நேரம் மீனே நீந்தியிருக்கும். இப்போது விசாவுக்கு ஒரு மாதம்கூட இல்லை. என் மனம் நோகக்கூடாது என்று என்னிடமிருந்தே தன்னைக் கொண்டுபோகப் பார்த்த மனிதர்.

“பதினாலு வருசமா ஃபோன்ல நல்லாருக்கேன் நல்லாருக்கேன்னு சொல்லியே பழகிப்போச்சு உங்களுக்கு. நேர்ல நின்னுக்கிட்டும் அதையே சொன்னா நான் எங்க போயித் தெரிஞ்சுக்குவேன்?” என்று கத்தினேன்.

கத்தி முடித்ததும் எனக்கே உறைத்தது. நான் மட்டும் என்ன? வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீடுகளில் ஃபோனில் கெட்டதைச் சொல்வதில்லை. தூரத்தில் கிடப்பவர் கேட்டு என்ன செய்யப்போகிறார் என்று ஒரு பழக்கம். அவருக்குக் கையில் கண்ணாடி கிழித்துச் சீழ்பிடித்து ஒரு மாதம் கிடந்ததை ஆறிய பிறகுதான் எனக்குச் சொன்னார். எனக்குக் கர்ப்பப்பை எடுத்ததை நான் வீட்டுக்கு வந்து எழுந்து நடமாடிய பிறகுதான் அவருக்குச் சொன்னேன். ஐந்து மாதமாக ஒரே வீட்டில் இருந்துகொண்டு இரண்டு பேரும் ஃபோனில் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம்.

“நானும் ஒண்ணு சொல்லாம வெச்சிருக்கேன்” என்றேன். “போவாதீங்க. தொட்டி நின்னாலும் நிக்காட்டாலும் போவாதீங்க. எனக்கு நீங்க இங்க இருக்கணும்.”

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் புடவையைச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் கைவிட்டு அப்பாவின் கற்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரும் எடுத்தார்.

மறுநாள் அவர் அரை மூட்டை சிமெண்ட், கோழித்தீவனக் கடையில் விற்கும் சிப்பித் தூள், மளிகைக்கடைக் கல் உப்பு மூன்றையும் வாங்கிவந்து கொல்லையில் பிசைய ஆரம்பித்தார். பாறையைக் கையாலேயே செய்யலாமாம். தண்ணீரில் ஊறும்போது உப்புக் கரைந்து, கல்லில் நிஜப் பாறை மாதிரி ஓட்டை ஓட்டையாக விழும். ஆனால் சிமெண்டின் காரம் போக வேண்டும். தினம் தண்ணீர் மாற்றி இரண்டு மாதம் ஊற வேண்டும்.

“ரெண்டு மாசமா? விசாவுக்கு இன்னும் எத்தனை நாளு?”

“தெரியும்” என்றார். அவ்வளவுதான். எதைத் தெரியும் என்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

ஊற வைக்கப் பெரிய டிரம் வேண்டும் என்று சொசைட்டியில் சொன்னதும், பால் ஊற்றுபவர்கள் ஆளுக்கொன்றாக நாலு டிரம் கொண்டுவந்து இறக்கினார்கள். அதில் ஒருவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் டிரம்மையே கொடுத்துவிட்டு வாளியில் காட்டிக்கொள்கிறேன் என்றார். கண்ணாடிக் கடைக்காரர் குடும்பத்தோடு வந்து, காலித் தொட்டியைப் பார்த்துவிட்டு, முறுக்கு சாப்பிட்டுவிட்டுப் போனார். மெக்கானிக் வந்து, அண்ணே, மெஷினை ஓட்டாமப் போட்டா கம்ப்ரசர் இறுகிடும் என்று வாரம் ஒருமுறை ஓட்டிவிட்டுப் போனான். யாரும் ஒரு கேலி பேசவில்லை. இவர்களுக்கெல்லாம் நான் என்ன செய்துவிட்டேன் என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. நன்றி என்று வாயால் சொன்னால் திட்டுவார்கள், அதனால் எழுதுகிறேன்.

அவர் எனக்குத் தண்ணீரின் காரத்தை அளக்கும் பட்டையைக் காட்டிக்கொடுத்தார். எந்த நிறம் வந்தால் எவ்வளவு என்று தாளில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டினார். ஒவ்வொரு டிரம்மிலும் எத்தனை குடம் என்பதையும் எழுதினார். சொல்லிக்கொடுப்பவர் எதற்குச் சொல்லிக்கொடுக்கிறார்? அவர் எப்போதும் கிளம்புவதற்குக் கடைசி அரை மணியில்தான் பெட்டி கட்டுவார். டிக்கெட்டும் அப்படித்தான். அலமாரியின் மேல் இருந்த பெட்டியை நான் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அண்ணாந்து பார்த்தேன்.

நான் ஆறு மாதத்தைக் காலண்டரில் எண்ணிக் கடைசி நாளை மனதில் வைத்திருந்தேன். அதற்கு முந்தின நாள் அவர் என் மாவுச் சல்லடையில் சிமெண்டைச் சலித்துவிட்டார். அது ஒன்று போதாதா? காலையில் ஆரம்பித்தேன். சல்லடையில் தொடங்கி, இன்வெர்ட்டர் பேட்டரிக்குப் போய், டிவி வரை போனேன். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு இடைவேளை. சாயங்காலம் சொசைட்டிக்குப் போய்வந்து மிச்சத்தையும் முடித்தேன். மறுநாளை நினைத்த பயம் அத்தனையையும் அந்தச் சல்லடைமேல் கொட்டினேன். அவர் அசையாமல் உட்கார்ந்து, வாயோரம் சிரிப்போடு கேட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து இன்னும் கோபம் வந்தது.

விடிந்தது. சொசைட்டியில் எனக்குக் கை ஓடவில்லை. நல்ல பாலை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டேன். இருபத்துநாலை அப்படியே உள்ளே விட்டேன். எட்டு மணிக்கே உதவியாளரிடம் சொல்லிவிட்டு ஓடிவந்தேன். பெட்டி அலமாரியின் மேலேயே இருந்தது. அவர் கொல்லையில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மூன்றாவது டிரம்மைச் சாய்த்துத் தண்ணீரை வாழைக்கு விட்டுக்கொண்டிருந்தார்.

“திருச்சிக்கு எத்தனை மணிக்குக் கெளம்பணும்?” என்று கேட்டேன்.

“திருச்சிக்கு எதுக்கு?”

“இன்னிக்குத்தானேங்க ஆறு மாசம்?”

அவர் டிரம்மை நிமிர்த்தி வைத்தார். “அவங்களுக்கு மாசக் கணக்கு இல்லம்மா. நூத்தியெம்பது நாளு. அது நேத்தே முடிஞ்சிருச்சு.”

நேற்று. பதினான்கு வருடம் முடிந்துபோன நாளில், காலையிலிருந்து சாயங்காலம் வரை நான் ஒரு சல்லடைக்காக அவரைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

“நேத்து ஏங்க சொல்லல?” என்றேன். அதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

“நீ திட்டிக்கிட்டிருந்தே” என்றார். “பக்கத்துல உக்காந்து கேட்டு எத்தனை வருசமாச்சு. நடுவுல நிறுத்த மனசு வரல.”